விகிதமுறு சார்பும் வர்க்கமூலச் சமன்பாடும்: சேலத்தில் புதிதாகக் கணக்கு நடத்த வருகிறவர்களுக்கு

பி.எட். முடித்த கையோடு ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பீர்கள். இல்லையென்றால் அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ மொட்டை மாடியில் ஒரு போர்டை மாட்டி டியூஷன் ஆரம்பித்திருப்பீர்கள். ஒன்பதாம் வகுப்பில் முறுடுகள் (√2 போன்ற முடிவடையாத மூலங்கள்), பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் விகிதமுறு கோவைகள் (மேலும் கீழும் பல்லுறுப்புக் கோவை உள்ள பின்னங்கள்), பதினொன்றில் விகிதமுறு சார்புகளும் பகுதி பின்னங்களும் மூலங்களும் என்று நம் பாடத்திட்டத்தில் இந்த விஷயம் மூன்று வருடத்துக்குச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அதைப் புதுப்பாடம் போலப் படிக்கிறார்கள். நடத்துகிற நமக்காவது அது ஒரே பாடம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே பாடம் என்று சொல்லக் காரணம் உண்டு. சமன்பாட்டைத் தீர்க்கும்போது நாம் செய்கிற சில வேலைகளிலிருந்து திரும்பி வர வழி இருக்கிறது. இருபுறமும் 5-ஐக் கூட்டினால், 5-ஐக் கழித்துப் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். இருபுறமும் (x − 3)-ஆல் பெருக்கினால், x-இன் மதிப்பு 3 ஆக இருக்கும் பட்சத்தில் பூச்சியத்தால் பெருக்கியிருக்கிறோம். அதிலிருந்து திரும்ப முடியாது. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் குறி தொலைந்துபோகிறது. அதிலிருந்தும் திரும்ப முடியாது. திரும்ப முடியாத படி எங்கே இருக்கிறதோ அங்கேதான் போலி விடை, அதாவது கணக்குப் போட்டால் வந்தாலும் முதலில் கொடுத்த சமன்பாட்டுக்குப் பொருந்தாத விடை, நுழைகிறது. பின்னக் கணக்கிலும் மூலக்குறிக் கணக்கிலும் பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த ஒரே இடத்தில்தான். அதனால் முதல் வரியில் நிபந்தனை, கடைசி வரியில் சரிபார்த்தல் என்ற பழக்கத்தை மட்டும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த இரண்டு வரிகளையும் பிள்ளைகள் தாங்களே கேட்டு எழுத வைப்பதற்குத்தான்.

முதல் படி: ஒரு பீரியடைச் செலவழித்து அடித்தளம் பாருங்கள்

பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு ஸ்லிப் டெஸ்ட் வையுங்கள். மதிப்பெண் வேண்டாம், பெயர் மட்டும் போதும். 1/3 + 1/4 எவ்வளவு? x² − 5x + 6-ஐக் காரணிப்படுத்து. x² − 9-ஐக் காரணிப்படுத்து. (x + 3)²-ஐ விரித்து எழுது. √(9 + 16) எவ்வளவு?

தாள்களைத் திருத்தும்போது விடையைப் பார்க்காதீர்கள், தப்பின் வகையைப் பாருங்கள். 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியவருக்கு விகிதமுறு கோவைக் கூட்டல் ஒருநாளும் ஏறாது; முதலில் சாதாரணப் பின்னம்தான். (x + 3)² = x² + 9 என்று எழுதியவரும் √(9 + 16) = 3 + 4 = 7 என்று எழுதியவரும் செய்திருப்பது ஒரே தப்பு: கூட்டலுக்குள் வர்க்கத்தையும் மூலத்தையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு வர்க்கமூலச் சமன்பாட்டில் இதே தப்பு வேறு வேஷத்தில் வரும்.

காரணிப்படுத்தல் வராத பிள்ளைகள் வகுப்பில் பாதிக்குப் பாதி இருந்தால் பாடத்தைத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று பீரியட் காரணிப்படுத்தலுக்கே கொடுங்கள். போர்ஷன் முடியாதே என்று பயமாக இருக்கும். காரணி தெரியாத வகுப்பில் இந்தப் பாடத்தை ஓட்டினால் போர்ஷன் முடிந்ததாக நோட்டில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: தட்டுவடைக் கடையிலிருந்து சார்பைத் தொடங்குங்கள்

பாடநூல் p(x)/q(x), q(x) ≠ 0 என்று வரையறையிலிருந்து ஆரம்பிக்கும். அது சரிதான், ஆனால் முதல் நாளுக்கு ஆகாது. சேலத்துப் பிள்ளைக்குத் தட்டுவடை செட் தெரியும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட், கேரட்டும் வைத்துக் கொடுக்கிற அந்தக் கடையையே போர்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 600 ரூபாய். விற்றாலும் விற்காவிட்டாலும் இது செலவு. ஒரு செட்டுக்கான சரக்கு 15 ரூபாய். அன்றைக்கு x செட் விற்றால் ஒரு செட்டுக்கு விழும் அடக்கம்:

(600 + 15x) / x

இப்போது அட்டவணை. 10 செட் என்றால் 75 ரூபாய். 30 செட் என்றால் 35. 60-க்கு 25. 100-க்கு 21. 200-க்கு 18. 600-க்கு 16. ஒவ்வொரு மதிப்பையும் ஒரு மாணவர் எழுந்து சொல்லட்டும். நீங்கள் போர்டில் எழுதினால் போதும்.

அப்புறம் கேளுங்கள்: எத்தனை செட் விற்றால் அடக்கம் சரியாக 15 ரூபாய்க்கு வரும்? ஆயிரம் என்று ஒரு குரல் வரும். 15.60 என்று இன்னொருவர் கணக்குப் போட்டுச் சொல்வார். பத்தாயிரம்? 15.06. பின்பெஞ்சிலிருந்து யாராவது வரவே வராது என்பார்கள். ஏன் வராது என்று கேட்டுவிட்டு, அதே கோவையை 15 + 600/x என்று பிரித்து எழுதிக் காட்டுங்கள். 600/x சிறுத்துக்கொண்டே போகும், பூச்சியம் ஆகாது. 15-இல் படுக்கைவாட்டில் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். தொலைத்தொடுகோடு என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அடுத்த கேள்விதான் முக்கியம். கடையைத் திறந்து ஒன்றுமே விற்கவில்லை என்றால் ஒரு செட்டின் அடக்கம் என்ன?

“சார், ஒண்ணுமே விக்கலைன்னாலும் அறுநூறு செலவாயிடுச்சே, அப்ப அறுநூறுதானே சார்?”

இந்தப் பதில் நிச்சயம் வரும். உடனே மறுக்காதீர்கள், வகுப்பையே பேச விடுங்கள். மொத்தச் செலவு 600, சரி. ஆனால் நாம் கேட்டது ஒரு செட்டுக்கு எவ்வளவு என்று. பிரித்துக் கொடுக்க ஒரு செட்கூட இல்லையே. 1 செட் விற்றால் 615 என்று வருகிறது. 0 விற்றால் அதைவிடக் குறைந்து 600 ஆகுமா? கேள்விக்கே அங்கே அர்த்தம் இல்லை என்று அவர்களாகவே வந்து சேர வேண்டும். x ≠ 0 என்று முதல் வரியில் எழுதுவது ஏன் என்று அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

இதே அட்டவணையை வரைபடத்தாளில் போட வையுங்கள். x-அச்சில் 1 செ.மீ. = 20 செட், மறு அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய் என்றால் 10-இலிருந்து 200 வரை தாளில் அடங்கும். பிள்ளைகள் ஸ்கேலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடாக இழுப்பார்கள், விடாதீர்கள். கைப்பட, வளைவாக வர வேண்டும். பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் கேள்விகளில் ஒன்று வரைபடம். எதிர் மாறுபாட்டுக் கணக்கு (ஒன்று கூடக் கூட மற்றது அதே விகிதத்தில் குறைகிற கணக்கு) வந்தால் இந்த வளைவின் தம்பிதான் அது. வளைவு அச்சில் போய் ஒட்டிக்கொண்டால் அங்கே மதிப்பெண் போகும்.

மூன்றாம் படி: எல்லா விலக்கமும் ஒரே மாதிரி இல்லை

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். போர்டில் இதை எழுதுங்கள்:

(x² − 5x + 6) / (x² − 9)

காரணிப்படுத்தினால் (x − 2)(x − 3) / (x − 3)(x + 3). சுருக்கினால் (x − 2)/(x + 3). பகுதியைப் பூச்சியமாக்குகிற மதிப்புகள் 3, −3 இரண்டும். ஆனால் இரண்டு இடத்திலும் நடப்பது வேறு வேறு. சொல்லிப் புரியவைக்க முடியாது; கால்குலேட்டரைக் கொடுத்துவிடுங்கள்.

3-க்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். x = 2.9 என்றால் சுமார் 0.153. 2.99 என்றால் 0.165. 3.01 என்றால் 0.168. 3.1 என்றால் 0.180. எல்லாம் சமர்த்தாக 1/6-ஐச் சுற்றியே நிற்கின்றன. 3-ஐ மட்டும் போட்டால் 0/0. வரைபடத்தில் அங்கே ஒரே ஒரு புள்ளி காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு சின்ன வெற்று வட்டம் போட்டு ஓட்டை என்று சொல்லுங்கள்.

இப்போது −3-க்குப் பக்கத்தில். x = −2.9 என்றால் −49. −2.99 என்றால் −499. அந்தப் பக்கம் −3.1 என்றால் 51. −3.01 என்றால் 501. ஒரு பக்கம் பாதாளத்துக்கும் இன்னொரு பக்கம் ஆகாயத்துக்கும் போகிறது. இங்கேதான் செங்குத்துத் தொலைத்தொடுகோடு. எந்தக் காரணி மேலும் கீழும் சேர்ந்து முழுதாகப் போய்விடுகிறதோ அது ஓட்டை. எது கீழே தங்கிவிடுகிறதோ அது தொலைத்தொடுகோடு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பத்தாம் வகுப்புப் பாடநூல் விலக்கப்பட்ட மதிப்பை (பகுதியைப் பூச்சியமாக்குவதால் போடக் கூடாத x மதிப்பை) கோவையின் சுருங்கிய வடிவத்துக்குத்தான் வரையறுக்கிறது. அந்த வரையறைப்படி மேலே உள்ள கோவைக்கு விலக்கப்பட்ட மதிப்பு −3 மட்டும். ஆனால் அதையே சார்பாகப் பார்த்து மதிப்பகம், அதாவது x-க்குப் போடக்கூடிய மதிப்புகள் எவை என்று கேட்டால் 3, −3 இரண்டையும் நீக்கத்தான் வேண்டும். கெட்டிக்கார மாணவர் யாராவது இதைக் கேட்டுவிடுவார். பத்தாம் வகுப்புத் தேர்வில் பாடநூல் சொல்கிறபடி எழுது, சமன்பாடு தீர்க்கும்போதும் பதினொன்றாம் வகுப்பில் சார்பு வரையும்போதும் இரண்டையும் எழுது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

பள்ளியில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருந்தால் ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் இதே சார்பைப் போட்டுக் காட்டலாம். ஓட்டை அதில் கண்ணுக்குத் தெரியாது. கோடு தொடர்ந்து போவதுபோலத்தான் இருக்கும். திரையை முதலில் காட்டிவிட்டு ஓட்டையைத் தேடச் சொன்னால் ஏமாற்றம்தான். முதலில் கால்குலேட்டர், பிறகு வரைபடத்தாள், கடைசியில் கணினி.

நான்காம் படி: அடிப்பதற்குக் கட்டுப்பாடு

நம் வகுப்பறைகளில் ‘அடிச்சிடு’ என்பது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. மேலே ஒரு 6, கீழே ஒரு 6 கண்ணில் பட்டால் போதும், பேனா பாய்ந்துவிடும். (x + 6)/6 என்று கொடுத்தால் இரண்டு 6-ஐயும் அடித்துவிட்டு x என்று எழுதுவார்கள். வாயால் திருத்தாமல் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். x = 6 என்றால் 12/6, அதாவது 2. அவர்கள் எழுதிய விடைப்படி 6. இரண்டும் ஒன்றா?

முதல் வாரம் முழுக்க அடிப்பதைத் தடை செய்துவிடலாம். மேலேயும் கீழேயும் (x − 3)-ஆல் வகுக்கிறேன் என்று முழுதாக எழுத வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வகுக்கிறோம் என்று எழுதும்போது, கூட்டலில் தொங்கிக்கொண்டிருக்கும் உறுப்பை அடிக்க முடியாது என்பது தானாகவே தெரிந்துவிடும். பெருக்கலில் இருக்கும் காரணி மட்டும்தான் போகும்.

(3 − x)/(x − 3) = −1 என்பதைத் தனியாக ஒரு நாள் காட்டுங்கள். 1 என்று எழுதுபவர்களும் சுருக்கவே முடியாது என்று விட்டுவிடுபவர்களும் சரிபாதி இருப்பார்கள்.

கூட்டல், கழித்தலுக்கு அதிக நேரம் வேண்டாம். பகுதிகளைக் காரணிப்படுத்தி மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுக்கத் தெரிந்தால் மீதியெல்லாம் பழைய பின்னக் கணக்குதான். கழிக்கும்போது மட்டும் இரண்டாவது தொகுதிக்கு அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவையுங்கள். 5-மதிப்பெண் கணக்குகளில் கடைசி வரி தப்பாகப் போவது பெரும்பாலும் அந்த அடைப்புக்குறி இல்லாததால்தான்.

ஐந்தாம் படி: ஏற்காட்டு சாலையில் ஒரு சமன்பாடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கி.மீ. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வண்டி மேலே ஏறும்போது மணிக்கு x கி.மீ., இறங்கும்போது அதைவிட 10 கி.மீ. கூடுதல் வேகம். போகவர இரண்டரை மணி நேரம். ஏறிய வேகம் என்ன?

30/x + 30/(x + 10) = 5/2

நோட்டில் முதல் வரி: x ≠ 0, x ≠ −10. பிறகு இருபுறமும் 2x(x + 10)-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்துச் சுருக்கினால் 12(2x + 10) = x² + 10x. அதாவது x² − 14x − 120 = 0. காரணிப்படுத்த (x − 20)(x + 6) = 0. விடை 20 அல்லது −6.

−6-ஐ ஏன் விட வேண்டும் என்று கேளுங்கள். வேகம் குறையெண்ணாக இருக்காது சார் என்று உடனே சொல்வார்கள். சரி. ஆனால் அதோடு விடாமல் −6-ஐச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க வையுங்கள். 30/(−6) என்பது −5. 30/4 என்பது 7.5. கூட்டினால் 2.5. சமன்பாட்டுக்கு −6 சம்மதம்தான்! மறுப்பது சமன்பாடு இல்லை, சாலை. இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலான வழிகாட்டி நோட்டுகள் சொல்வதே இல்லை, அடுத்த கணக்குக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்த கணக்கு இது:

x/(x − 3) = 2 + 3/(x − 3)

இருபுறமும் (x − 3)-ஆல் பெருக்கினால் x = 2x − 6 + 3. ஆகவே x = 3. எவ்வளவு சுலபம் என்று கட்டம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். முதல் வரியில் x ≠ 3 என்று எழுதியவர்கள் மட்டும் முழிப்பார்கள். சரியாக முழிக்கிறார்கள். இதற்குத் தீர்வே கிடையாது.

அப்படியானால் அந்த 3 எங்கிருந்து வந்தது? போர்டின் ஓரத்தில் 5 = 7 என்று எழுதுங்கள். தப்பு. இருபுறமும் 0-ஆல் பெருக்குங்கள். 0 = 0. சரியாகிவிட்டது! பொய்யை மெய்யாக்கும் சக்தி பூச்சியத்துக்கு உண்டு. x = 3 என்று வைத்தால் (x − 3)-ஆல் பெருக்குவது பூச்சியத்தால் பெருக்குவதுதான். இங்கே 3-ஐ நிராகரிப்பது சாலை இல்லை, சமன்பாடே. −6 வேறு, இந்த 3 வேறு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு அன்றைக்கு வகுப்பை முடித்துவிடலாம்.

மறுநாள் x²/(x − 2) = 4/(x − 2) கொடுங்கள். x = 2, x = −2 என்று வரும்; 2 போய்விடும், −2 நிற்கும். நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் கணக்குக்கு விடையே வராது என்று முடிவு கட்டியவர்களுக்கு இது மருந்து.

ஏற்காட்டுக் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஏறும்போது 20, இறங்கும்போது 30. சராசரி வேகம் என்ன என்று கேட்டால் வகுப்பே 25 என்று கத்தும். மொத்தம் 60 கி.மீ., மொத்தம் 2.5 மணி; வகுத்தால் 24. மெதுவாகப் போன நேரம்தான் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இதற்கு ஒரு பீரியட் போனாலும் பரவாயில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் வீட்டுக்கணக்காக இதைக் கொடுக்கலாம். 100 கிராம் கலவையில் 70 கிராம் வெள்ளி, 30 கிராம் செம்பு. இதில் x கிராம் சுத்த வெள்ளி சேர்த்தால் வெள்ளியின் பங்கு (70 + x)/(100 + x). 80 சதவீதமாக்க எவ்வளவு சேர்க்க வேண்டும்? 50 கிராம். 90-க்கு? 200 கிராம். 95-க்கு 500. 99-க்கு 2,900 கிராம், கிட்டத்தட்ட மூன்று கிலோ! 100 சதவீதம் கேட்டால் 70 + x = 100 + x என்று வந்து சமன்பாடே கைவிரித்துவிடும். 30 கிராம் செம்பு உள்ளேயே இருக்கிறதே, எங்கே போகும்? 1 − 30/(100 + x) என்று மாற்றி எழுதினால் தட்டுவடைக் கடை வளைவின் தலைகீழ் என்று கண்டுபிடிப்பார்கள்.

பதினொன்றாம் வகுப்பு நடத்துகிறவர்கள் இதற்கு மேல், தொகுதி, பகுதி இரண்டின் படியையும் (அதிலுள்ள x-இன் மிகப் பெரிய அடுக்கையும்) ஒப்பிடும் விதியைக் கொடுத்துவிடலாம். பகுதியின் படி அதிகமானால் வளைவு x-அச்சை நெருங்கும். இரண்டும் சமமானால் முதன்மைக் கெழுக்களின் (மிகப் பெரிய அடுக்கின் முன்னால் உள்ள எண்களின்) விகிதத்தை நெருங்கும். தொகுதியின் படி ஒன்று கூடினால் சாய்ந்த கோட்டை நெருங்கும். அட்டவணை போட்டுப் பழகிய வகுப்புக்கு இது பத்து நிமிட வேலை.

ஆறாம் படி: மூலக்குறிக்கு முன் ஒரு சின்னத் தகராறு

√25 எவ்வளவு? ±5 என்று பாதி வகுப்பு சொல்லும். இதை முதலில் தீர்த்துவிட வேண்டும். x² = 25 என்றால் x-க்கு 5, −5 என்று இரண்டு விடை. √25 என்பது ஓர் எண். அது 5 மட்டும். மூலக்குறி மிகையையோ பூச்சியத்தையோதான் கொடுக்கும். இது பிடிபட்டால் √(2x − 1) = −3 என்ற கணக்கைப் பார்த்ததுமே தீர்வு இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். பிடிபடாத பிள்ளை வர்க்கப்படுத்தி, 2x − 1 = 9, x = 5 என்று அழகாக எழுதிவைக்கும்.

ஏழாம் படி: வர்க்கப்படுத்துதல்

முதல் கணக்கு எளிதாக இருக்கட்டும்.

√(x + 6) = x

வர்க்கப்படுத்தினால் x² − x − 6 = 0; x = 3, x = −2. 3-ஐப் போட்டால் √9 = 3, சரி. −2-ஐப் போட்டால் √4 = 2, ஆனால் வலப்புறம் −2. பொருந்தவில்லை.

இந்த −2 எங்கிருந்து வந்தது? 2 = −2 என்பது பொய். வர்க்கப்படுத்தினால் 4 = 4, மெய். பூச்சியம் செய்த அதே வேலையை இங்கே வர்க்கம் செய்கிறது. உண்மையில் −2 என்பது −√(x + 6) = x என்ற வேறொரு கணக்கின் விடை; வர்க்கப்படுத்தியதும் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டதால் அந்த வீட்டு விடை இந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. வரைபடம் போட்டால் √(x + 6)-இன் வளைவும் x என்ற கோடும் 3-இல் மட்டும் வெட்டிக்கொள்வது தெரியும்.

முதல் வரி நிபந்தனையில் இங்கே ஒரு நுணுக்கம். மூலக்குறிக்குள் இருப்பது பூச்சியத்துக்குக் குறையக் கூடாது, அதாவது x ≥ −6 என்று எழுதிவிட்டு நிபந்தனை முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். −2 அந்த நிபந்தனையில் ஜம்மென்று தேறிவிடும். இடப்புறம் மூலக்குறி என்பதால் வலப்புறமும் குறையெண்ணாக இருக்கக் கூடாது. x ≥ 0 என்பதையும் சேர்த்து எழுதினால்தான் −2 வெளியே போகும். இது குழப்புகிறது என்றால் கடைசி வரியில் சரிபார்த்தாலே போதும். ஆனால் மதிப்பகம் பார்த்தேன், சரிபார்க்க வேண்டாம் என்று சொல்ல மட்டும் விடாதீர்கள்.

அடுத்து, மூலக்குறியைத் தனியே நிறுத்திவிட்டுத்தான் வர்க்கப்படுத்த வேண்டும். √(x + 5) + 1 = x என்று கொடுத்து, அப்படியே வர்க்கப்படுத்தச் சொல்லுங்கள். x + 6 + 2√(x + 5) = x² என்று வந்து மூலக்குறி அங்கேயே உட்கார்ந்திருக்கும். பிறகு 1-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் √(x + 5) = x − 1 என்று எழுதி வர்க்கப்படுத்தினால் x² − 3x − 4 = 0. விடை 4, −1. சரிபார்த்தால் 4 மட்டும். (x − 1)²-ஐ x² + 1 என்று எழுதியவர்களுக்குக் காரணிப்படுத்தவே வராத சமன்பாடு வந்து நிற்கும். முதல் நாள் ஸ்லிப் டெஸ்ட் தாளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதே பெயர்கள்தான்.

இரண்டு மூலக்குறி இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் நிறுத்த வேண்டும். √(x + 7) − √x = 1 என்பதை √(x + 7) = 1 + √x என்று மாற்றி வர்க்கப்படுத்தினால் x + 7 = 1 + 2√x + x. x போய்விடும்; √x = 3; x = 9. சரிபார்த்தால் 4 − 3 = 1.

எட்டாம் படி: லேடிஸ் சீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

வர்க்கமூலம் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஏற்காட்டு லேடிஸ் சீட்டில் நின்றால் சேலம் முழுக்கக் கீழே தெரியும். வானம் தெளிந்த நாளில் மேட்டூர் நீர்ப்பரப்பைக்கூடக் காட்டுவார்கள். சமதரையிலிருந்து x மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு, நடுவில் எதுவும் மறைக்காவிட்டால், அடிவானம் தோராயமாக 3.57√x கி.மீ. தூரத்தில் இருக்கும்.

இந்த 3.57-ஐ மந்திரம்போலக் கொடுக்காதீர்கள். பூமியை வட்டமாக வரைந்து, கண்ணிலிருந்து ஒரு தொடுகோடு போட்டு, தொடுபுள்ளிக்கு ஆரம் வரைந்தால் செங்கோண முக்கோணம் வந்துவிடும். பிதாகரஸ் தேற்றமும் பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதும் போதும், உயரத்தின் வர்க்கம் ரொம்பச் சின்னது என்று விட்டுவிட்டால் தூரத்தின் வர்க்கம் 12.742x. அதன் மூலம்தான் 3.57√x. பத்தாம் வகுப்பு வடிவியலில் தொடுகோடு நடத்தும்போதே இதைச் சேர்த்துவிடலாம்.

இப்போது சமன்பாடு. 50 கி.மீ. தெரிய எவ்வளவு உயரம் வேண்டும்? 3.57√x = 50; √x சுமார் 14; x சுமார் 196 மீட்டர். 100 கி.மீ. தெரிய? இரண்டு மடங்குதானே என்று 392 சொல்வார்கள். போட்டுப் பார்த்தால் சுமார் 785. தூரம் இரட்டிக்க உயரம் நான்கு மடங்காக வேண்டும். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 280 மீட்டர் அளவில். வித்தியாசத்தை 1,200 என்று வைத்தால் கணக்குப்படி 120 கி.மீ.க்கு மேல் தெரிய வேண்டும். அவ்வளவு ஏன் தெரிவதில்லை என்று கேட்டால் பனிமூட்டம், தூசி, எதிரே நிற்கும் மலை என்று அவர்களே பட்டியல் போடுவார்கள். சூத்திரத்தில் ‘நடுவில் எதுவும் மறைக்காவிட்டால்’ என்று ஒரு நிபந்தனை இருந்ததை அப்போது ஞாபகப்படுத்துங்கள்.

திருத்துவதும் டெஸ்ட் வைப்பதும்

வகுப்பு டெஸ்ட்டில் 5 மதிப்பெண் என்றால் முதல் வரி நிபந்தனைக்கு ஒன்று, கடைசி வரி சரிபார்த்தலுக்கு ஒன்று என்று ஒதுக்கிவிடுங்கள். பொதுத்தேர்வுத் திருத்தத்தில் ஸ்டெப் மார்க் வேறு மாதிரி பிரியலாம். உங்கள் வகுப்பில் இதுதான் சட்டம் என்று சொல்லிவிடுங்கள். சென்டம் எடுக்கிற பிள்ளைக்குத்தான் இதில் முதலில் கோபம் வரும், ஏனென்றால் அவருக்கு விடை மனதிலேயே வந்துவிடுகிறது. அவரிடம் தனியாகத் தீர்வு இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுங்கள்.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்குத் தீர்க்கிற கணக்கைக் குறைத்து, சரிபார்க்கிற கணக்கைக் கூட்டுங்கள். சமன்பாட்டையும் மூன்று எண்களையும் கொடுத்து, எது விடை, எது போலி, எது சம்பந்தமே இல்லாதது என்று பிரிக்கச் சொல்லலாம். காரணிப்படுத்தல் தடுமாறினாலும் எண்ணைப் போட்டுப் பார்க்க எல்லோருக்கும் முடியும். நாகலூர், வெள்ளக்கடை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் சந்தேகம் கேட்க ஆள் இருக்காது. அவர்களுக்கு வீட்டுக்கணக்காக இந்த வகையைத்தான் கொடுக்க வேண்டும், சரியா தப்பா என்று தாங்களே தெரிந்துகொள்வார்கள்.

பாட முடிவில் வைக்கிற டெஸ்ட்டுக்கு ஆறு கணக்கு போதும். ஒரு சுருக்கல், ஒரு கழித்தல், இரண்டு விடையும் நிற்கிற ஒரு பின்னச் சமன்பாடு, ஒரு விடை மட்டும் நிற்கிற வர்க்கமூலச் சமன்பாடு, எந்த விடையும் நிற்காத ஒன்று, ஒரு வரைபடம். வரிசையை மட்டும் பிரிவுக்குப் பிரிவு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் தீர்வு இல்லாத கணக்கு எத்தனையாவது என்ற செய்தி ‘ஏ’ பிரிவிலிருந்து ‘பி’ பிரிவுக்கு இன்டர்வெல்லிலேயே போய்ச் சேர்ந்துவிடும்.